ஆறரை மணிக் கவுன்

அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வாட்ச்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இன்று சாயங்காலம் தன் மனைவியைத் தையல் மெஷினிடமிருந்து மீட்டே தீருவது. நயமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாயிற்று. ஒருவேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தாயிற்று. அவர் சாப்பிடாததை அவள் கவனிக்கவே இல்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. இனிமேல் சூழ்ச்சிதான்.

வாயிலிருந்த நுரையைத் துப்பினார். நுரையோடு ஒரு பச்சைச் சமிக்கியும் வந்து விழுந்தது. அது எப்படி வாய்க்குள் போனது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. அந்த வீட்டில் இதையெல்லாம் கேட்டுக் கட்டுப்படியாகாது. தலையணைக்கு அடியில் லேஸ், செருப்புக்குள் பட்டன், தண்ணீர்ச் செம்பில் பாசிமணி. போன வாரம் கடையில் ஒரு பெரிய மனிதரின் கைக்கடிகாரத்தைத் திறந்து வைத்துக் குனிந்தபோது, வாட்ச்காரரின் மீசையிலிருந்து ஆரஞ்சுத் துணியில் வெட்டிய வாத்து அலகு ஒன்று உதிர்ந்து உள்ளே விழுந்தது. "இது எந்த பார்ட்டுங்க?" என்று அந்தப் பெரிய மனிதர் மரியாதையாகத்தான் கேட்டார்.

எல்லாம் ஒரே மகன் வேலைக்கென்று வெளியூர் போனதில் ஆரம்பித்தது. வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று அவள் பழைய மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். எதிர்வீட்டு அக்காவின் பேத்திக்கு ஒரு மஞ்சள் கவுன் தைத்தாள். நெஞ்சில் ஒரு வாத்து, கீழே மூன்றடுக்கு ஃபிரில். எதிர்வீட்டு அக்காவுக்குப் பள்ளிக்கூட வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலை. ஊரிலிருக்கும் அம்மாக்கள் அத்தனை பேரும் அவளுக்குப் பழக்கம். அந்த வாத்து வேன் ஏறிப் போனது. மூட்டை மூட்டையாகத் துணியாகத் திரும்பி வந்து, வீட்டை ஒரு குட்டித் துணிக்கடையாக்கியது. பாக்கெட்டில் முயல் காது நீட்டும் சட்டை, முதுகில் இறக்கை முளைத்த கவுன், முழங்காலில் ஆமை ஊரும் கால்சட்டை. மனைவியின் கை பட்டால் கந்தல் துணிகூடச் சிரிக்கும். அதில் அவருக்குப் பெருமைதான்.

ஆனால் நடை நின்றுபோயிற்று. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

முன்பெல்லாம் அவர் கடையைச் சாத்திவிட்டு வந்ததும், சரியாக ஆறரை மணிக்கு இருவரும் கிளம்புவார்கள். தெருமுனை தாண்டி ரயில் பாதைக்கு மேலிருக்கும் நடைபாலம் வரை. அவள் அரை எட்டு முன்னால் போய்க்கொண்டே பேசுவாள். அவர் "உம்" கொட்டுவார். பாலத்தின் கம்பியில் கைமுட்டியை ஊன்றிக்கொண்டும் பேசுவாள். அடியில் ரயில் வந்தால் பாதி வார்த்தையில் நிறுத்துவாள். கடைசிப் பெட்டி போனதும் அந்த மீதி வார்த்தையிலிருந்து தொடங்குவாள். ரயில் போகும்வரை அந்த மீதிக்காகக் காத்திருப்பது அவருக்கு அவ்வளவு பிடிக்கும். போன மாதம் ஒருநாள் ரோஷத்தோடு தனியாகவே போய்ப் பாலத்தில் நின்று பார்த்தார். ரயில் வந்தது, போயிற்று. அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அழுகை வரும்போலிருந்தது, வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஆகவே சூழ்ச்சி. தையல் மெஷினின் அடிவயிற்றில், நூல் சுற்றிய பாபினைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்ன டப்பா ஒன்று உண்டு. பாபின் கேஸ் என்பார்கள். அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் மேஜை. அவள் குளிக்கப் போன நேரத்தில் வாட்ச்காரர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விசிலடித்தபடி கடைக்குப் போனார்.

சாயங்காலம் தெருவில் திரும்பும்போதே கடகடவென்று சத்தம் கேட்டது. மெஷின் குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா? இன்னிக்கு ஒரு கூத்து. பாபின் கேஸைக் காணோம்."

"அப்படியா? அப்புறம் எப்படி..."

"பட்டன் கடையில புதுசு வாங்கிட்டேன். பழசை விட இது நல்லா ஓடுது. ரொம்ப நாளா மாத்தணும்னு நெனச்சேன், மனசு வரல. தொலைஞ்சதும் நல்லதாப் போச்சு."

"நல்லதாப் போச்சு," என்றார் வாட்ச்காரர், சுரத்தில்லாமல்.

"அது என்ன சட்டைப் பையில துருத்திக்கிட்டு?"

"இதுவா? கஸ்டமர் வாட்ச்."

"சத்தமே வரலையே."

"நின்னுபோன வாட்ச்."

"ஓகோ." அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "எடுத்தவங்க கைக்கு வேலை இல்லாமத்தான் எடுத்திருப்பாங்க. இந்தாங்க, இந்த ஆறு சட்டைக்கும் பட்டன் வச்சுக் குடுங்க."

திருடியவனுக்குத் தண்டனை கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோது அவருக்கு இன்னொரு யோசனை தோன்றியது. வேலை இருப்பதால்தானே அவள் எழுந்து வருவதில்லை? வேலையே தீர்ந்துவிட்டால்? கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியையும், பல்சக்கரம் தூக்கும் மெல்லிய இடுக்கியையும் மறுநாளே கடையிலிருந்து கொண்டுவந்தார். கடுகு அளவு பாசிமணியை இடுக்கியால் பிடித்து ஊசியில் கோத்து வாத்துக்குக் கண் வைத்தார். அவர் வைத்த கண்கள் உயிரோடு முறைத்தன. நாளுக்கு நாள் மூட்டை குறைந்தது. இன்னும் இரண்டே கவுன் என்ற நிலையில், அவர் செருப்பைக் கூடத் துடைத்து வைத்துவிட்டார்.

அப்போது எதிர்வீட்டு அக்கா வந்தாள்.

"என்ன தம்பி, நீங்களா தைக்கிறீங்க?"

"சும்மா அக்கா. பொழுது போகல."

"அட, இது எனக்குத் தெரியாமப் போச்சே. வேன்ல எத்தனையோ அம்மாங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பாவம், இவ ஒத்தையாக் கஷ்டப்படுறாளேன்னு நான்தான் வேண்டாம்னு தடுத்து வச்சிருந்தேன். நீங்களும் சேர்ந்துட்டீங்கன்னா என்ன கவலை? நாளைக்கே வரச் சொல்லிடறேன்."

"அக்கா, அவசரம் இல்ல அக்கா."

"உங்களுக்குப் பொழுது போகலைன்னு சொன்னீங்களே தம்பி."

மறுநாள் மூட்டை மூட்டையாகத் துணி வந்து இறங்கியது. கடிகாரம் பார்ப்பவருக்கே நேரம் சரியில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? வாட்ச்காரருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாய்விட்டுச் சொல்ல ரோஷம் இடம் கொடுக்கவில்லை. கையில் இருந்தது ஒரு மஞ்சள் கவுன், நெஞ்சில் வாத்து வரவேண்டியது. அவர் வாத்தைத் தூக்கி மூலையில் போட்டார். கறுப்பு நூலால் சங்கிலித் தையலில் ஒரு வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றிப் பன்னிரண்டு நீலப் பாசி. நடுவில் இரண்டு முள். பெரிய முள் ஆறில். சின்ன முள்ளைச் சும்மா ஆறின் மேலேயே வைத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. ஆறுக்கும் ஏழுக்கும் நட்டநடுவில் வைத்தார். ஆறரை. கண்ணிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அவள் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். 

"வட்டம் நல்லா வந்திருக்கு," என்றாள். "பின்பக்கம்தான் முடிச்சு உறுத்துது. குழந்தை ஒடம்புல குத்தும். உள்ளே தள்ளி மறைச்சுத் தைக்கணும்."

"வேற ஒண்ணும் தோணலையா?"

"தோணுது. வாத்து கேட்டவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தோணுது."

பதில் சொல்ல வேண்டிய ஆள் அப்போதே வாசலில் வந்து நின்றாள். பல் டாக்டரம்மா. இடுப்பில் குழந்தை, கையில் பை. கவுனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"நான் வாத்துதானே சொல்லியிருந்தேன்?"

"வாத்து எல்லாரும்தான் போடுறாங்க," என்றாள் அவர் மனைவி, கண்ணிமைக்காமல். "இது ஸ்பெஷல். குழந்தை பிறந்த நேரம். எங்க வீட்டுக்காரர் கையாலயே தைக்கிறது. உங்க பொண்ணு எத்தனை மணிக்குப் பிறந்தா?"

"மூணே கால்." டாக்டரம்மாவின் குரல் இளகிப்போயிற்று. "மதியம் மூணே கால். வெளிய மழை. நர்ஸ் கடிகாரத்தைப் பாத்துச் சொன்னது இன்னும் காதுல கேக்குது."

"நாளைக்கு முள்ளை மாத்தி வச்சிருப்பாரு."

டாக்டரம்மா போன பிறகு, வாட்ச்காரர் தன் ஆறரையைத் தன் கையாலேயே ஊசிமுனையில் பிரித்தார். பிரித்த நூலைக் குப்பையில் போட மனசில்லாமல் சற்று நேரம் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு மூணே காலைத் தைத்தார். முடிச்சை உள்ளே மறைத்தார்.

அதற்கப்புறம் ஊரில் ஒரு குழந்தையும் நேரம் காட்டாமல் வெளியே வரவில்லை. ஒன்பதே முக்கால், பதினொன்று பத்து, விடியற்காலை ஐந்து. ஒரு அம்மாவுக்கு நேரம் மறந்துபோய், மாமியாருக்கு போன் போட்டு, அதில் சண்டை வந்து, கடைசியில் முள்ளே இல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். முள் வைப்பது வாட்ச்காரருக்கு மட்டுமே கைவந்தது. அவள் துணி வெட்டித் தைத்து ஃபிரில் வைத்து முடித்துவிடுவாள். எல்லாக் கவுனும் அவர் மடியில் வந்து காத்திருக்கும். வேலை கை மாறிக்கொண்டிருப்பது பாவம் அவருக்கு உறைக்கவே இல்லை.

ஒருநாள் காலை, டிபன் டப்பாவை நீட்டும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "என் வேலையெல்லாம் முடிஞ்சிடுச்சு. இன்னிக்குச் சாயங்காலம் பாலத்துக்குப் போலாம்னு இருக்கேன்."

அன்று கடையில் வாட்ச்காரர் பழுது பார்த்த கடிகாரமெல்லாம் சற்று வேகமாகவே ஓடியிருக்கும். சீக்கிரமே கடையைச் சாத்தினார். வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினார். மீசையில் சமிக்கி இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் இவ்வளவு தயாராகப் போனதில்லை. வாசலில் போய் நின்றார்.

அவள் தலைவாரி, செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு எங்க கிளம்பிட்டீங்க?"

"பாலத்துக்கு. நீதானே காலையில சொன்னே."

"நானும் அக்காவும்ல போறோம். உங்களுக்கு அந்த ரெட்டைக் குழந்தைங்க சட்டை இருக்கே. ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கறேன்னு போயிருக்காங்க."

"அதை நாளைக்குத் தைச்சா என்ன?"

"நாளைக்கு அதுங்களுக்குப் பிறந்தநாள். ரெண்டுக்கும் நாலு நிமிஷம் வித்தியாசமாம். யாரு மூத்தவன்னு சட்டையைப் பாத்தே தெரியணும்னு அவங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்கா. நாலு நிமிஷத்தை நான் எங்க போய்த் தைக்கிறது? உங்களால மட்டும்தான் முடியும்."

வாட்ச்காரருக்கு ரோஷமெல்லாம் எங்கோ போய்விட்டது. 

"உன்னோட நடக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் நான் அந்தக் கடிகாரத்தையே தைச்சேன். ரயில் போனதும் நீ பேசுவியே, அதைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

அவள் நின்றாள். அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள். அவள் முகம் கனிந்துபோயிருந்தது.

"தெரியுமே. ஆறரைன்னு போட்டிருந்தீங்களே. அதைப் பாத்ததுலேர்ந்துதான் எனக்கும் நடக்கணும்னு ஒரே ஏக்கம். இன்னிக்குத்தான் நேரம் கெடைச்சுது."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அரை எட்டு முன்னால் போய்க்கொண்டே ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். எதிர்வீட்டு அக்கா "உம்" கொட்டினாள். வாட்ச்காரர் உள்ளே வந்து உட்கார்ந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டார். தெருமுனையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"லைட்டைப் போட்டுக்கிட்டுத் தைங்க. கண்ணு போயிடுச்சுன்னா அப்புறம் முள்ளு யாரு வைக்கிறது?"