விரதமும் வண்டுப் பேணியும்

பக்தி உள்ளவனுக்குக் கொஞ்சம் புத்தியும் இருக்கும் என்று நம்பித்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையைப் பிறகு ஒரு கந்தசட்டி விரதத்தின் ஆறே நாளில் தீர்த்துவைத்தேன்.

எழுபதுகளில், கடைகளில் பயறு கிடைக்காத காலம். மகளின் காய்ச்சல் மாறினால் எங்கள் தோட்டத்துப் பயறு போட்டு நயினாதீவு அம்மனுக்குப் பொங்குவதாக நேர்ந்திருந்தேன். காய்ச்சல் மாறியது. எங்கள் ஊரான இறுப்பிட்டியில் வீட்டுக்குப் பின்னால் பயறு விதைத்தேன். பூக்கிற நேரம் பார்த்து வண்டுகள் வந்தன. சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு. (களவெடுக்க வருகிறவன் இப்படி உடுத்துக்கொண்டா வருவான் என்று யோசித்திருக்க வேண்டும்.) தண்டில் மொய்த்த கறுப்புப் பொடிப் பூச்சிகளை நான் பொருட்படுத்தவில்லை. அவை வண்டின் குஞ்சுகள் என்று நானே முடிவுகட்டினேன்.

மருந்தடிக்கலாம். ஆனால் அன்று கந்தசட்டி தொடக்கம். விரதக்காரன் உயிரைக் கொல்லலாமா? தினமும் காலையில் தோய்ந்து, திருநீறு பூசி, பால்மா வந்த தகரப் பேணி ஒன்றுக்குள் ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டேன். அந்த உற்சாகத்தை என்னவென்று சொல்வேன்! சூரனை வெல்லப்போவது முருகனா நானா என்று எனக்கே சந்தேகம். பக்கத்தில் விட்டால் திரும்பிப் பறந்து வரும் என்று ஊரின் மறுகோடிக்கு நடந்து, மனைவியின் தம்பி சிவத்தின் பயற்றந்தோட்டத்துக்குள் வேலிக்கு மேலால் கொட்டினேன். (அவன் விரதமில்லை. மருந்தடிப்பான். பாவம் அவனுக்கு.)

ஐந்தாம் நாள் சிவத்திடம் பிடிபட்டேன்.

"என்ன அத்தான், பேணியோடை?"

"சும்மா, பாலுக்கு வந்தனான்."

"என்னட்டை மாடில்லையே."

சில நாட்களில் என் பயறு பிசுபிசுத்துச் சுருண்டு கருகியது. சிவத்தின் தோட்டமோ மருந்தே அடிக்காமல் காய்த்துக் குலுங்கியது. விவசாயப் போதனாசிரியர் வந்து இரண்டையும் பார்த்தார்.

"இந்தப் பொடிப் பூச்சி அழுக்கணவன். சாறு உறிஞ்சிறது இதுதான். இதைத் தின்னிறது சிவப்பு வண்டு. உம்மடை தோட்டத்திலை ஒண்டையும் காணேல்லையே?"

நான் நிலத்தைப் பார்த்தேன். சிவம் என்னைப் பார்த்தான். மனைவி எங்கள் இருவரையும் பார்த்தாள். (அதுதான் தாங்க ஏலாமல் போனது.)

நேர்த்தி இருக்கிறது, பயறு இல்லை. அம்மனுக்கு என்ன சொல்வேன்? சாமியறையில் இருந்து உண்மையாகவே அழுதேன்.

தை வெள்ளிக் காலை நயினாதீவுக்கு வள்ளம் ஏற வள்ளத்தடிக்கு வெறுங்கையோடு போனோம். சிவம் ஒரு பையோடு நின்றான்.

"வண்டு உங்கடை. அதுகள் காத்த பயறும் உங்கடை. அம்மன் ஏற்பா. ஏறுங்கோ அத்தான்."

பொங்கினோம். அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்டபோது மகளின் பெயரைச் சொன்னேன்.

"வண்டுகளின்ரை பேரிலையும் ஒண்டு செய்யுங்கோ ஐயா," என்றான் சிவம். ஐயர் சிரிக்காமல் செய்தார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பம் அம்மனிடம் போனால் அந்த அர்ச்சனை உண்டு. நட்சத்திரம் என்ன என்று ஐயர் கேட்டால் மகள் என்னைக் காட்டுவாள்:

"அப்பாவைக் கேளுங்கோ. அவர்தான் பிடிச்சவர்."