பதினாறாம் அறை தின்ற கலியாணம்

பதினாறு பேர் சேர்ந்து முந்நூறு பேருக்குச் சமைத்த கலியாணச் சாப்பாட்டை முக்கால் மணி நேரத்தில் தின்று முடித்தார்கள் என்று விநாயகமூர்த்தி எழுதிக்கொண்டு வந்த தாளை, பாலேஸ்வரி இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"உந்தக் கதையை நான் அச்சடிக்கமாட்டன், அண்ணை."

ஊரை விட்டு வந்து வோபர்னில் அவள் தனியாக நடத்தும் சின்ன அச்சகம் அது. 1996 தை மாதம். வாய் திறந்தால் சொல் உறைந்து காலில் விழுந்து விரலை முறிக்கும் குளிர்.

கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் அங்கேதான் ஆண்டு மலர் அடித்தது. விடுதியில் பிறந்த பதினாறாம் அறைச் சகோதரர் சங்கத்துக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். நம்பக்கூடிய சாதனை ஏதும் இருந்தால் போடு, இல்லாவிட்டால் பெயரையே எடுத்துவிடு என்று பாலேஸ்வரியிடம் சொல்லிவிட்டார் மலர்க்குழுத் தலைவர் எட்வேட்.

பதினாறு சகோதரரில் மிச்சம் இருவர். ஒருவர் விநாயகமூர்த்தி. மற்றவர் மொன்றியலில் இருக்கும் சீமோன். சில வருடங்களாகச் சங்கம் செய்த ஒரே வேலை மலர்வளையம் வாங்கியதுதான். விநாயகமூர்த்தியின் தலை தெரிந்தாலே பூக்கடைக்காரன் கறுப்பு ரிப்பனை வெட்டத் தொடங்குவான். மனைவியும் போன பிறகு, மகன் வீட்டு பேஸ்மென்றில் அவரோடு பேசுவது வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் மட்டும். அந்த ஒரு பக்கமும் போய்விட்டால் அவர் யாரென்று சொல்ல ஒன்றும் இராது.

மறுநாள் முந்நூறை நூற்றைம்பதாகக் குறைத்துக்கொண்டு வந்தார்.

"நேற்று முந்நூறு, இண்டைக்கு நூற்றைம்பது. நாளைக்கு நீங்கள்தான் அவைக்குச் சமைச்சுப் போட்டதெண்டு வரும்."

சாட்சிக்கு சீமோனைத் தொலைபேசியில் பிடித்தார். முந்நூறு என்பது சங்கத்துக்கே அவமானம், எழுநூறு என்றார் சீமோன். பந்தலில் கட்டியிருந்த இரண்டு வாழைமரங்களையும் தின்றதாகத் தாய்மேல் சத்தியம் செய்தார். பாலேஸ்வரி போனை வாங்கி மெதுவாக வைத்தாள்.

வெள்ளிக்கிழமை, பக்கம் கொடுக்கக் கடைசி நாள். விநாயகமூர்த்தி கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். விடுதிச் சொதி வெறும் தண்ணீர் என்று பதினாறு பேரும் மூன்று நாள் பட்டினி கிடந்ததையும், மூன்றாம் நாள் மேளச் சத்தம் கேட்டு மதிலால் குதித்ததையும் சொன்னார்.

"எந்த ஊர்க் கலியாணம்?" நூற்றைம்பது என்று சும்மா அடித்து வைத்தபடி பாலேஸ்வரி கேட்டாள்.

அந்தக் குடும்பத்தின் மானம் போகக்கூடாது என்று ஊர்ப் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொன்னார்.

"அளவெட்டி. ஐம்பத்தேழு ஆவணி. சமையற்காரன் அகப்பையோட கலைச்சுவந்து கிணத்தடியில விழுந்தவன். நாங்கள் போகேக்க மாப்பிள்ளை பகுதி சாப்பிடவே இல்லை."

பாலேஸ்வரியின் கை விசைப்பலகையில் நின்றது.

"பொம்பிளையைப் பார்த்தனீங்களோ?"

"ஆர் பார்த்தது, தங்கச்சி. எங்களுக்கு இலையைப் பார்க்கவே நேரம் காணேல்லை."

அவள் சிரிக்கவில்லை. நூற்றைம்பதை அழித்து முந்நூறு என்று அடித்தாள்.

"நடந்ததுதான், அண்ணை. சாப்பாடு முடிஞ்சுதெண்டு மாப்பிள்ளை பகுதி எழும்பிப் போனது, என்னைப் பிடிக்காமல் சொன்ன சாட்டெண்டுதான் நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்."