ஆறரைக்கு முன் மறையாத சூரியன்

ஆரணியில் பெரிய பையை முதுகில் சுமப்பவர்கள் இரண்டே வகையினர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வகை. பட்டுப்புடவை வியாபாரிகள் இன்னொரு வகை. ஊர் சுற்றிப் பார்ப்பதற்காகவும் ஒருவர் மூட்டை சுமக்கலாம் என்ற நாகரிகம் அந்த ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்தக் குறையை நீக்கும் பொறுப்பை ரிஷப்பும் அவன் மனைவி மஹிமாவும் ஏற்றுக்கொண்டார்கள்.

சரியாகச் சொன்னால், ஏற்றுக்கொண்டவன் ரிஷப். மஹிமா எம்.எஸ்சி. படித்தவள், கூச்ச சுபாவம். எல்லாவற்றையும் பார்ப்பாள், எதையும் சொல்லமாட்டாள். யூடியூபில் ஒரு தாடிக்காரர், "பெட்டி இழுக்கிறவன் டூரிஸ்ட், பை சுமக்கிறவன்தான் பயணி" என்று சொன்ன நாளிலிருந்து சக்கரம் வைத்த பெட்டியைக் கண்டாலே ரிஷப்புக்கு அவமானமாக இருந்தது. சக்கரத்தைக் கண்டுபிடிக்க மனித குலம் பட்ட பாட்டைப் பற்றி மஹிமாவுக்கு ஒரு கருத்து உண்டு. அதையும் அவள் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம் இது, கடல் தாண்டி ஒரு தீவுக்கு. அதுவரை எங்கே போனாலும் வேன்தான். வேன் என்றால் ரிஷப்பின் சித்தப்பா, பெரியப்பா, அத்தை குடும்பங்கள் எல்லாம் சேர்த்தி. அதனால் அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. அவர்களுடையது சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். இருட்டில் தட்டில் பூச்சி விழுந்தாலும் தெரியாது, அறியாமல் ஓர் உயிரைக் கொல்ல நேரும் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

மாமனார் ஹேமசந்திரன் பட்டுக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு சொன்னார்.

"தீவோ கீவோ, எங்க வேணா போங்க. ஆனா பொழுதோட சாப்ட்டுடணும். ஒரு நாள் தவறினாலும் இனிமே உங்க டூரு நம்ம திருமலை ஜைனக் கோயில்தான். எங்களோட. வேன்ல."

"சத்தியமா மாமா," என்றாள் மஹிமா. அந்த மாதத்தில் அவள் உரக்கப் பேசிய முதல் வாக்கியம் அது.

மாமியார் ஜெயவதி கட்டிக்கொடுத்த முறுக்கு, தட்டை, எள்ளுருண்டை டப்பாக்களை ரிஷப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் ஒளித்து வைத்தான். "கம்மியா சுமக்கறவன்தான் நெறைய பாப்பான், மஹி." பின்னால் அவர்கள் நிறையவே பார்த்தார்கள், இரவுச் சாப்பாட்டைத் தவிர.

வேலூர் பஸ்ஸில் ஏறியதுமே கண்டக்டர் பைகளைத் தட்டிப் பார்த்தார். "எத்தினி புடவை?"

"புடவை இல்லைங்க, எங்க துணிமணி."

"ஆரணியில ஏறிகினு இம்மாம் பெரிய மூட்டைல துணிமணின்றியே, நான் நம்பணுமா? லக்கேஜ் போடு, ஜல்தி."

கண்ணமங்கலம் வரைக்கும் வாதாடிவிட்டு ரிஷப் லக்கேஜ் டிக்கெட் வாங்கினான். பின் இருக்கை அம்மாள் மஹிமாவின் தோளைத் தொட்டு, "வாடாமல்லி கலர்ல ஏதாச்சும் வெச்சிகினு இருக்கியாம்மா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

விமானம், படகு எல்லாம் மாறித் தீவின் கரையில் இறங்கினார்கள். கடல் நீலமாக இருந்தது. பயணிக்கு அழகு பையோடு போட்டோ எடுப்பது என்பதால் ரிஷப் பையை மாட்டியபடியே அலையில் போய் நின்றான். அலை வந்தது. அவன் மல்லாந்து விழுந்தான். பை நனைந்து கனத்துவிட, கவிழ்த்துப் போட்ட ஆமையைப் போலக் கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருந்தான். மஹிமா முதலில் போட்டோ எடுத்தாள், அப்புறம்தான் தூக்கிவிட்டாள்.

துணி மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது வானத்தில் நட்சத்திரம் இருந்தது. மணி ஐந்தேகால்.

தீவு நாட்டின் கிழக்கு மூலையில் இருக்கிறது. கடிகாரம் ஆரணிக் கடிகாரம். சூரியன் மட்டும் உள்ளூர்ச் சூரியன். ஆறு மணிக்குச் சாப்பிட்டால் போதும் என்று ஆரணிக் கணக்குப் போட்டு வந்த அறிவியல் பட்டதாரி, தன் பட்டத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பட்டினி. வீடியோ காலில் வந்த ஜெயவதி, "சாப்பிடாம கிடக்கிறதுக்கா தீவு? நாளைக்கும் இப்பிடின்னா கெளம்பி வந்துடுங்க," என்றாள். ஆக, சாப்பிட்டால் வேன், சாப்பிடாவிட்டால் வீடு.

மறுநாள் மாலை நான்கு மணிக்கே அரசு விடுதிக் கேண்டீனுக்குப் போனார்கள். அந்தக் கரையில் வேறு சாப்பாட்டுக் கடை கிடையாது. சமையல்காரர் கையை விரித்தார். மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. இராச்சாப்பாடு அஸ்தமனத்துக்கு அப்புறம்தான். வேறு ஏதாவது வேண்டுமென்றால் கடற்கரை நேர ஒழுங்குப் பிரிவின் உதவி அலுவலரைப் பார்க்க வேண்டும்.

உதவி அலுவலர் தணிகாசலம் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து ஆசனத்தில் அமர்ந்தபோது அறை முழுக்க இருட்டு. அவர் செல்போன் வெளிச்சத்தில் கோப்பு பார்க்கத் தொடங்கினார். பேச்சிலிருந்து அவர் பூர்வீகம் ஆரணிப் பக்கத்துத் தேசூர் என்று தெரிந்ததும் ரிஷப்புக்குத் தெம்பு வந்தது.

"சார், நாங்க இருட்டறதுக்குள்ள சாப்பிடணும். பாருங்க, இருட்டியே போச்சு."

"எங்க இருட்டிச்சு?"

"வெளிய பாருங்க சார்."

"வெளிய பாக்கறது என் சீட்டு வேலை இல்ல தம்பி. வாசல் போர்டுல என்ன போட்டிருக்கு?"

வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று நின்றது. 'சூரிய அஸ்தமனம்: மாலை 6.30. பார்வையாளர்கள் கண்டு மகிழ அன்புடன் அழைக்கப்படுகிறார்கள்.' அதன் அருகே நான்கைந்து பேர் கும்மிருட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு, மகிழக் காத்திருந்தார்கள்.

"ஆறரைன்னு போட்டிருக்கு சார்."

"இப்ப மணி என்ன?"

"அஞ்சரை."

"அப்ப இன்னும் ஒரு மணி நேரம் பகல் இருக்கு. நேரம் போடறது தலைமை அலுவலகம். அவங்க மறைஞ்சிடுச்சின்னு சொன்னா மறைஞ்சிடுச்சி. அதுவரைக்கும் எனக்கு லைட்டு போடவே அதிகாரம் இல்ல. நானே எப்பிடி உக்காந்துகினு இருக்கேன் பாருங்க."

"அப்ப தினம் அஞ்சு மணிக்குக் கடல்ல முழுகறது என்ன சார்?"

"அது அனுமதி இல்லாம முழுகுது. அதுக்கு நான் பொறுப்பா?"

ரிஷப்பின் வயிறு உறுமியது. "மஹி, நான் இராச்சாப்பாடு சாப்பிடப் போறேன். வேனா இருந்தா இருக்கட்டும்."

அப்போதுதான் மஹிமா வாயைத் திறந்தாள். வேனின் கடைசி இருக்கை, ஜன்னல் ஓரம் வாந்தி எடுக்கும் குழந்தைகள், மடியில் புளிசாதத் தூக்கு எல்லாம் அவள் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"சார், ஆறரை வரைக்கும் பகல்னா, இப்ப போடற சாப்பாடு பகல் சாப்பாடுதானே?"

தணிகாசலம் கோப்பை மூடினார். பதினைந்து வருஷ அரசாங்க உத்தியோகத்தில் இவ்வளவு சட்டப்படி யாரும் அவரிடம் பேசியதில்லை. "பகல் உணவை நீட்டிக்க எனக்கு அதிகாரம் உண்டும்மா," என்று தழுதழுத்தார்.

கேண்டீனில் மதிய மீதியைச் சூடாக்கிப் போட்டார்கள். பகல் என்பதால் விளக்கு போடவில்லை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் சாப்பிட்டார்கள்.

"மஹி, என் வாயில இருக்கறது பீன்ஸா?"

"வெளிச்சத்துல பாத்தாதான் சொல்ல முடியும்."

"இதாண்டி வெளிச்சம்."

ஏதோ ஒன்று அவள் பல்லில் நறுக்கென்றது. கடுகாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு விழுங்கினாள். அப்புறம் வெளியே போய்ப் பலகையோடு ஒரு போட்டோ எடுத்து, 'இங்கே அஸ்தமனம் ஆறரைக்கு, அத்தை. பொழுதோடு சாப்பிட்டோம்' என்று அனுப்பினாள். மிச்ச நாட்களும் அதே பகலில் அப்படியே கழிந்தன.

ஆரணிக்குத் திரும்பியபோது கூடம் நிறைய உறவினர்கள். ஹேமசந்திரன் போட்டோவை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"கவர்மெண்ட் போர்டு! நம்ம ஊர்ல சாயங்காலம் கூட்டம் வர்ற நேரத்துல, சேலையை விரிச்சது விரிச்சபடி போட்டுட்டு சாப்பிட ஓடியாறேன். அங்க பாரு, பொழுது நின்னு நிதானமா போவுது. வர்ற மாசம் எல்லாரும் போறோம். நம்ம மஹிமாதான் வழிகாட்டி."

மஹிமா ரிஷப்பைப் பார்த்தாள். அவன் மின்விசிறியைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் திருமலைக்கு வேன். சொல்லாவிட்டால் தீவுக்கு விமானம். ஆட்கள் அதே ஆட்கள். திருமலையிலாவது எதைத் தின்கிறோம் என்று தெரியும். சொல்லிவிடலாம் என்று அவள் சமையலறைக்குப் போனாள்.

"அத்தை, அந்த போர்டு..."

"போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன்டி," என்றாள் ஜெயவதி, குரலைத் தாழ்த்தி. "உன் தலைக்கு மேல நட்சத்திரக் கூட்டமே தெரியுது."

மஹிமா சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"உங்க மாமாகிட்ட வாயைத் தெறக்காத. கல்யாணமாகி வந்த நாள்லேருந்து எனக்கு ஒரே ஆசை. ஏழு மணிக்குச் சுடச்சுட ஒரு தோசை சாப்பிடணும். பகல்னு கவர்மெண்டே சொல்றப்ப, இல்லேன்றதுக்கு நாம யாரு?"

சொல்லிவிட்டு மூலையில் கிடந்த ரிஷப்பின் பையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பி நின்றாள்.

"வாரைக் கொஞ்சம் இழுத்துக் கட்டு. அப்பிடியே ஏழரைக்குப் போர்டு போட்ட தீவு ஏதாச்சும் இருக்குதான்னு போன்ல பாரு."