டென்மார்க்கும் ஒரு ஆஸ்பத்திரி அட்டையும்

பத்தாயிரம் அடிக்குக் கீழே போய்த் தங்கம் எடுத்த ஊர் எங்கள் கே.ஜி.எஃப். அத்தனை ஆழத்துக்கு இறங்கிய பிடிவாதம் அந்த ஊரிலேயே ஒருத்தரிடம்தான் இருந்தது. அவர் பெயர் டென்மார்க். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. ஆபீஸ் காகிதங்களைத் தவிர வேறெங்கும் பிற்பாடு யாரும் அதை உபயோகிக்கவில்லை.

தொண்ணூறுகளில் நான் சுரங்கத்தின் வெல்ஃபேர் ஆபீசில் கிளார்க். ஆஸ்பத்திரி அட்டை எழுதுவது என் வேலை. மேலே தொழிலாளியின் பெயர், கீழே குடும்பத்தார் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உறவு. அட்டையில் பெயர் இருந்தால் சுரங்க ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். இல்லையென்றால் வலியோடு பங்காருபேட்டைக்கு பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

டென்மார்க் வைண்டிங் இன்ஜின் டிரைவர். அதாவது, ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜை, அதாவது இரும்புக் கூண்டை, மேலேயிருந்து இயக்குகிறவர். இஸ்திரி மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் ஒரு லைன் வீட்டில் இருபது வருடமாக ஒரு டெய்லரோடு குடியிருந்தார். இருவருக்கும் கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. ஊர்க்காரர்கள் 'கூட்டாளிங்க' என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவரும் அத்தோடு விட்டிருந்தால் எனக்கு இத்தனை நரைமுடி வந்திருக்காது.

வினை ஒரு ஜாக்கெட்டில் வந்தது. துணி வெட்டுமுன் அளவுக்குக் காகிதம் வெட்டிக்கொள்ள, டெய்லர் பழைய இங்கிலீஷ் பேப்பர்களை எடைக்கு வாங்குவார். அப்படி ஒரு ஜாக்கெட்டின் முதுகுக்கு வெட்டிய பேப்பரில், டென்மார்க் தேசத்தில் இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதை அரசாங்கமே பதிவு செய்து கொடுக்கிறது என்று போட்டிருந்தது. செய்தி பல வருடப் பழசு. அதனாலென்ன, அடுத்த திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்த கையோடு மனிதர் என் மேஜை முன்னால் நின்றார். கையில் ஒரு மனு, அதில் குண்டூசி குத்திய ஜாக்கெட் முதுகு.

"டெய்லரு எனக்கு வெறும் கூட்டாளி இல்ல மேடம். ஒரு வூட்ல புருசன் பொஞ்சாதி எப்டியோ அப்டி. டென்மார்க்குல எழுதிக் குடுக்கறாங்க. நீங்களும் அட்டைல எழுதுங்க" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பக்கத்து மேஜையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. மெதுவாகப் பேசுங்கள் சார், நம் ஊர் சட்டத்தில் இது குற்றம், போலீஸ் வரும் என்றெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மனு வாங்கியதற்கு ரசீது கேட்டார்.

அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் டென்மார்க் ஆனது, மாதம் இரண்டு திங்கட்கிழமை எனக்கு ஏழரை ஆனது. நார்வே சட்டைக் கை வடிவத்தில் வந்தது. ஸ்வீடன் காலராக வந்தது. ஐஸ்லாந்து பாதிதான் வந்தது, மீதி யாரோ ஒரு டீச்சரம்மாவின் இடுப்பளவோடு போய்விட்டதாம். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அந்தத் தேசத்துச் சட்டம் முழுவதையும் எனக்கு விளக்கினார். பிரான்சில் ஆணும் பெண்ணும்கூட இப்படிப் பதிந்துகொள்ளலாமாம், அது கொஞ்சம் தளர்வான ஏற்பாடாம், டென்மார்க் அளவுக்குக் கெட்டி இல்லையாம். எனக்கு நிலுவையில் நாற்பது அட்டை இருக்கும். எதிரே இந்த ஆள் நின்றுகொண்டு பிரான்சில் குறை சொல்வார்.

எங்கள் ஆபீசர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த நல்ல மனிதர். ஃபைல் கனமானதும் பயந்துவிட்டார். டெய்லரைத் தம்பி என்று எழுதித் தொலையுங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்பது நிஜம்தான். கே.ஜி.எஃப். அட்டைகளில் பாதி அப்படித்தான். சித்தப்பா மகன் தம்பியாக இருப்பான். பேத்தமங்களாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மச்சினனும் தம்பியாக இருப்பான். நானே என் கையால் எத்தனையோ தம்பிகளை உற்பத்தி செய்திருக்கிறேன்.

டென்மார்க் ஒப்புக்கொள்ளவில்லை. "கேஜுக்கு மூணு மணி அடிச்சா ஆளுங்க ஏறிக்கீறாங்கன்னு அர்த்தம் மேடம். கல்லுதானேன்னு நெனச்சு நான் இழுத்தா கீழ இன்னா ஆவும்? எதுக்கு எது உண்டோ அதத்தான் அடிக்கணும்" என்றார். ஒரே ஒரு வார்த்தைக்காக ஆறு வருடம் அட்டையே வாங்காமல் இருந்தார்கள். அவரைத் திட்டித் திட்டி எனக்கு ரத்த அழுத்தம் வந்ததுதான் மிச்சம்.

அப்புறம் டெய்லரின் காலில் புண் வந்தது. சர்க்கரை வியாதி. ஒரு நாள் அவரே நொண்டிக்கொண்டு தனியாக ஆபீசுக்கு வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். கட்டைப் பிரித்துக் காட்டினார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. "தம்பின்னே எழுதிடுங்கம்மா. அவருக்குத் தெரிய வாணாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அட்டை டென்மார்க்கின் பெயரில் இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் காலையிலேயே டென்மார்க் அட்டையோடு வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஆபீஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அந்த மனுஷனுக்குக் காலை எடுத்துவிடுவார்கள், உங்களுக்கு உங்கள் நார்வேயும் ஸ்வீடனும்தான் பெரிசா என்று கேட்டேன். கேஜை அங்குலம் பிசகாமல் நிறுத்துகிற அந்தக் கையால் அட்டையை என் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"திருப்பிக் குடுக்க வரல மேடம். தம்பின்னே இருக்கட்டும். உங்க கையெழுத்துக்குக் கீழ முத்திரை வுட்டுப்போச்சு, அத்த மட்டும் போட்டுக் குடுங்க" என்றார்.

ஆறு வருடமாக நான் கெஞ்சியது இதற்குத்தான். ஆனால் அவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. எதற்கும் மசியாத மனிதர் தலையைக் குனிந்துகொண்டு முத்திரைக்காக நிற்கிறார். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். யார் மேல் என்று தெரியவில்லை. அந்த அட்டையைக் கிழித்துப் போட்டேன். புது அட்டை எடுத்து, டெய்லர் பெயருக்கு எதிரே 'ரிஜிஸ்டர்டு பார்ட்னர், டென்மார்க்' என்று இங்கிலீஷில் எழுதி, ஆபீசரைக் கேட்காமல் முத்திரையையும் குத்தினேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது.

வேலை போகவில்லை. எங்கள் ஊரில் ஷாஃப்டுகளுக்கெல்லாம் வெள்ளைக்காரத் துரைகளின் பெயர்தான். ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, எந்தக் காலத்திலோ மூடின ஷாஃப்ட் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, 'டென்மார்க் ஷாஃப்ட்' என்று நோட்டில் எழுதி, டெய்லருக்குக் கட்டில் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு விரல்கள் போயின. கால் தப்பியது. பதினெட்டு நாள் கழித்து டென்மார்க் என்னிடம் வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று எழுந்தே நின்றேன். அப்படி ஒரு ஷாஃப்டே கிடையாது, டிஸ்சார்ஜ் சீட்டைத் திருத்த வேண்டும் என்று மனு கொடுத்தார்.

இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். எல்லா அட்டையையும் திரும்ப வாங்கி, ரிஜிஸ்டரில் பதிந்து, கட்டிக் கோணியில் போடச் சொன்னார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று அழுதுகொண்டே கொடுத்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். டென்மார்க் அட்டையை என் மேஜைமேல் வைத்தார், ஆனால் விரலை அதிலிருந்து எடுக்கவில்லை. அவர்கள் இருவரையும் சேர்த்து எழுதிய காகிதம் உலகத்தில் அது ஒன்றுதான். அட்டையை அவர் பக்கமாகவே தள்ளிவிட்டு, ரிஜிஸ்டரில் 'தொலைந்துவிட்டது' என்று எழுதினேன்.

நான் எழுதியதை அவர் தலைகீழாகவே படித்துவிட்டார். தொலையவில்லை மேடம் என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று ரிஜிஸ்டரை அவசரமாக மூடினேன். வாயைத் திறந்தார். டெய்லர் அவர் கையைப் பிடித்தார். வாயை மூடிக்கொண்டு, அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அத்தனை வருடத்தில் அந்த மனுஷன் நான் சொன்னதைக் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான். நான் ரிஜிஸ்டர்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டேன்.