தகவலாளி இலக்கம் மூன்று

தலவாக்கலை,
22.09.2003.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய செபமாலை அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் லியனார்ட் எழுதிக்கொள்வது. இங்கு நானும் இராஜகுமாரியும் மாதாவின் தயவால் சுகமாக இருக்கிறோம். என் இரத்த அழுத்தமும் தன் பாட்டில் சுகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. அங்கு உங்கள் முழங்காலும், பசுவும், கூரைக்குப் புதிதாகப் போட்ட தகரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அக்காவை விசாரிக்க எனக்கு இனி உரிமையில்லை என்று அவளே சொல்லிவிட்டதால் விசாரிக்கவில்லை. அவளுடைய இருமல் எப்படி இருக்கிறது என்பதை மட்டும், நான் கேட்டதாகச் சொல்லாமல், பதிலில் எழுதவும்.

நீங்கள் எந்தக் கடிதத்தையும் சத்தமாக வாசிப்பவர் என்பதும், அக்கா அடுப்பைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சொல் விடாமல் கேட்பவள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே இந்தப் பந்தியை மட்டும் வாய்க்குள் வாசியுங்கள். முப்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, அந்த வெளிநாட்டு நிதியத்துக்கு என் ஆராய்ச்சித் திட்டம் போய்ச் சேர வேண்டும். அக்காவின் சம்மதக் கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் பதினெட்டுத் தாள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவள் மனதை எப்படியாவது மாற்றிக் கையெழுத்தை வாங்கித் தாருங்கள். இனிச் சத்தமாக வாசிக்கலாம்.

நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியாது. பாதி நேரம் நீங்கள் பசுவுக்குப் புல் அறுக்கப் போயிருந்தீர்கள். மே மாதம் ஹட்டனில் மூன்று நாள் பயிற்சி நடந்தது, சர்வதேச நிதிக்குப் போட்டியிடக்கூடிய ஆராய்ச்சி யோசனையை எப்படி உருவாக்குவது என்று. எழுபத்திரண்டு நாடுகளிலிருந்து விண்ணப்பம் போகுமாம், பன்னிரண்டு பேருக்குத்தான் கிடைக்குமாம். எனக்கு அழைப்பு வரவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டிய அதிபர் பதவியைப் பெற்ற குகநேசனுக்குத்தான் வந்தது. அவர் மகளின் கல்யாணத்துக்குப் பருத்தித்துறை போக வேண்டியிருந்ததால், "மாஸ்டர், நீங்கள் போனால்தான் பிரயோசனம்" என்று அழைப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுசன் என்கிறாள் இராஜகுமாரி. ஏழு வருடமாக ஒழுங்காக வெறுத்து வந்த ஒருவர் இப்படி நடுவில் நல்லது செய்துவிட்டால், மேற்கொண்டு வெறுப்பது எவ்வளவு சிரமம் என்று அவளுக்குத் தெரியாது.

பயிற்சி நடத்தியவர் ரோகினி என்ற யாழ்ப்பாணத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர், வயது முப்பதுக்குள். நான் மலையகக் கல்விப் பின்னடைவு பற்றிப் பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஏழு பக்கம் எனக்கு ஏன் அதிபர் பதவி கிடைக்கவில்லை என்பது பற்றியது. அவர் பொறுமையாக முழுவதையும் வாசித்தார்.

"சேர், இதிலை கேள்வி எங்கை கிடக்கு?"

"பதினொரு பக்கமும் கேள்விதானே பிள்ளை."

"இல்லை சேர், இது முறைப்பாடு. மறுமொழியெல்லாம் உங்களுக்கு முதலே தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத் தெரியாத ஒண்டைச் சொல்லுங்கோ."

அத்தான், புவியியல் பட்டதாரி, இருபத்திரண்டு வருட ஆசிரிய சேவை, எனக்குத் தெரியாதது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மற்றவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகும் நான் அங்கேயே இருந்தேன். அப்போதுதான் ஈஸ்டருக்கு உங்கள் வீட்டில் அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கு இறைச்சி வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏழாம் நம்பர் மல எறங்கிக்கிட்டு இருக்குடா தம்பி. மழ விட்டு மூணு நாளாகியும் பீலித் தண்ணி தெளியல. மழ அடிச்சுப் பேயுது, வடிகானுல தண்ணியக் காணோம். அந்தத் தண்ணியெல்லாம் எங்கதான் போவுது?" புவியியல் படிப்பிக்கிற நான், "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, இன்னும் ரெண்டு துண்டு வை" என்றேன். அந்த மலைக்கு நேர் கீழே இருபத்து நாலு காம்பராவில் இருபத்து நாலு குடும்பம் வாழும் லயம் இருக்கிறது. அந்த நினைப்பு எனக்கு ஹட்டன் மண்டபத்தில் வந்தது, இறைச்சி சாப்பிடும்போது வரவில்லை.

ரோகினி திரும்பி வந்ததும் அதைச் சொன்னேன். "இதுதான் சேர் கேள்வி" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மலை சரிவதற்கு முன் தேயிலைக் கொழுந்து எடுக்கும் பெண்களின் கண்ணுக்குப் படுவது என்ன? அதை இரண்டு மழைக்காலம் எழுதிவைத்து மழை அளவோடு ஒப்பிட்டால், லயத்துச் சனங்களை ஒரு நாளாவது முன்கூட்டி எழுப்ப முடியுமா? இவ்வளவுதான் திட்டம். இதை எழுதி முடித்தபோது, இருபத்து நாலு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு யார் மேலும் கோபம் இருக்கவில்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தேன். காய்ச்சலோ என்று இராஜகுமாரி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிசகத் தொடங்கியது. முதலாவது நீங்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தோட்ட ஒபீசுக்கு முன்னால் இருக்கும் மழைமானியைப் பத்தொன்பது வருடம் காலைதோறும் பார்த்து எழுதியவர் நீங்கள், இப்படியொரு மழைப் புத்தகம் எழுபத்திரண்டு நாட்டில் எவனிடமும் இருக்காது என்று துள்ளிக்கொண்டு வந்தேன். பார்த்தால், தூறல் விழுந்த நாளெல்லாம் பதினொன்று தசம் நாலு, ஆறு தசம் மூன்று என்று துல்லியமாக இருக்கிறது. பெரிய மழை நாளெல்லாம் எழுபத்தைந்து, நூறு, நூற்றைம்பது என்று முழுசு முழுசாக இருக்கிறது. கேட்டேன்.

"அம்புட்டு மழையில யாரு மச்சான் வெளிய போயி மழ அளக்கிறது?" என்றீர்கள்.

"அப்ப இந்த நூறு?"

"ஒங்க அக்கா வாசல்ல வாளி வச்சிருக்கும். அதப் பாத்துச் சொல்லும், எழுதிக்கிருவேன்."

அன்று உங்களோடு பேசாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். பிறகு அந்த வாளியை மழைமானிக்குப் பக்கத்தில் வைத்து ஒன்பது நாள் அளந்து பார்த்தேன். அக்கா சொன்ன கணக்கு ஒரு விரல் கூடக் குறைய இல்லை.

இரண்டாவது பிழை என்னுடையது. ஆகஸ்ட் விடுமுறையில் நாற்பது படிவம் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு, கொழுந்துப் பெண்கள் எல்லோரையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம் என்று காலையில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். தோட்டத் துரையிடம் அனுமதி வாங்கி, பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே நின்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்து முதல் பெயரைக் கூப்பிட்டதும், சொல்லாமலே எல்லோரும் வரிசையாக நின்றுவிட்டார்கள். மலையில் ஏதாவது மாற்றம் கண்டீர்களா என்று கேட்டேன். "எல்லாம் நல்லா இருக்குங்க சேர்." அடுத்தவளும் அதே. அதற்கடுத்தவளும் அதே. வேலாயி மட்டும் கொஞ்சம் யோசித்து, "புல்லு கொஞ்சம் கூடிப்போச்சுங்க, நாளைக்கே எடுத்துர்றோங்க" என்றாள். "அருளாயி" என்று கூப்பிட்டேன். அத்தான், என் கூடப் பிறந்தவள் என் முகத்தைப் பார்த்து, "நல்லா இருக்குங்க சேர்" என்றாள்.

மாலையில் வீட்டில் கேட்டால், "பேப்பரக் கையில புடிச்சுக்கிட்டு கணக்கப்பிள்ள பக்கத்துல நின்னு பேரக் கூப்பிட்டா, எல்லாம் நல்லாத்தாண்டா இருக்கும். நாளைக்குக் கூடையத் தூக்கிக்கிட்டு வா" என்றாள். போனேன். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிவிட்டதும் அவள்தான். நாலு மணித்தியாலத்தில் ஒன்றரைக் கிலோ கொழுந்தும் பதினாலு அட்டைக் கடியும் சேர்ந்தன. "சேரு கொழுந்து எடுக்கிறாரா, பாடம் எடுக்கிறாரா?" என்று வேலாயி கேட்க, மலை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் எல்லோரும் பேசினார்கள். எந்த வரிசைச் செடி கோணுகிறது, எந்த இடத்தில் கால் வைத்தால் நிலம் மெத்தென்று இருக்கிறது, எந்தக் கல்லுக்கடியில் புதிதாக ஊற்று வருகிறது. எட்டு நாளில் ஒரு கொப்பி நிறைந்தது. பாதிக்கு மேல் அக்கா சொன்னது.

இனி, அன்றைக்கு நடந்தது. ஏழாம் திகதி ஞாயிறு, பூசைக்குப் பிறகு, எழுதி முடித்த திட்டத்தோடும் ஒரு கேக்கோடும் வந்தேன். நீங்கள் புல்லுக்குப் போயிருந்தீர்கள். அக்காவை உட்காரவைத்து, ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கிப் பெருமையாக வாசித்துக்கொண்டு போனேன். ஆறாம் பக்கத்தில், "தகவலாளி இலக்கம் மூன்று, பெண், ஐம்பத்து நாலு வயது, கூறியதாவது" என்று வந்தது.

"அது யாரு?" என்றாள்.

"நீதான்க்கா."

"ரெண்டு யாரு?"

"வேலாயி."

"ஒண்ணு?"

"அத்தான்."

கேக்கைத் தள்ளி வைத்தாள். பிறகு, "மழ அளக்கப் போகாத மனுசன் ஒண்ணு, வாளி வச்ச நான் மூணா?" என்றாள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. தகவல் சொல்பவரின் பெயரை மறைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு, உலகம் முழுக்க இதுதான் விதி, யாரும் உன்மேல் குற்றம் பிடிக்க முடியாது என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டாள். "வேலைக்குப் பேர் போடுற செக்ரோல்ல எனக்கு நூத்திப்பதினாலு. நாப்பத்திரெண்டு வருசமா அந்த நம்பருதான். ஒன் பேப்பர்ல மூணா கொறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றாள். "பெரிய வாத்தியாரு ஒன் எழுத்தப் புத்தகமாப் போட்டு, ஒன்னைய அன்பருன்னு எழுதினதுக்கு இன்னும் அழுவுற. அவரு அன்பருன்னாச்சும் போட்டாரு." சம்மதப் படிவத்தை நீட்டினேன். "அந்த மூணாம் நம்பருகிட்டக் கையெழுத்து வாங்கிக்க. இனிமே என்னைய விசாரிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வராத" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போய்விட்டாள். கேக் அப்படியே இருந்தது.

அந்தப் பேராசிரியர் கதை உங்களுக்கும் தெரியும், உங்கள் கந்தப்பளையில் எல்லோருக்கும் தெரியும், நான்தான் சொல்லியிருக்கிறேன். நான் ஒன்றரை வருடம் தோட்டம் தோட்டமாக நடந்து திரட்டிய தகவலை 1979இல் அவர் தன் புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயமாகப் போட்டு, முன்னுரையில் "தலவாக்கலை அன்பர் ஒருவருக்கும் நன்றி" என்று எழுதினார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் எத்தனை பேரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். அக்காவுக்குச் சொல்ல இரண்டு வாரமாகப் பதில் தேடினேன். பதினாறு பதில் எழுதினேன். பதினாறும் அந்தப் பேராசிரியர் எனக்கு எழுதியிருக்கக் கூடியவை. அப்பா செத்தபோது எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. என் பெயர் பள்ளிக்கூட இடாப்பில் நிலைக்க வேண்டும் என்றுதான் அவள் பெயர் செக்ரோலில் ஏறியது. இதை நான் எந்தப் பக்கத்தில் எழுதுவது? விண்ணப்பத்தில் அதற்கு இடம் விடவில்லை.

ஆகவே நேற்று ஆறாம் பக்கத்தைத் திருத்திவிட்டேன். இலக்கங்களை எடுத்துவிட்டு, "கள உதவியாளர் அருளாயி" என்று முழுப் பெயரோடு போட்டிருக்கிறேன். விதிப்படி நான் போகக்கூடிய எல்லை இது என்று அவளிடம் சொல்லுங்கள். அவளுக்கு என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், லயத்திலிருக்கிற இருபத்து நாலு குடும்பத்துக்காகவாவது கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், மூன்றாம் கட்டத்தில் பென்சிலால் புள்ளி போட்டிருக்கிறேன்.

உங்கள் முழங்காலுக்கு இராஜகுமாரி ஒரு எண்ணெய் கொடுத்தனுப்புவாள். உங்கள் இருவருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளையும், பசுவுக்கு நல்ல பாலையும், மலைக்கு அளவான மழையையும் தர மன்றாடும்,

உங்கள் அன்பு மைத்துனன்,
லியனார்ட்.

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், எதற்கும் கேட்டு வைப்போம் என்று கடைவீதிக்குப் போய் ரோகினிக்குத் தொலைபேசி எடுத்தேன். பட்டம் இல்லாதவர் முதன்மை ஆய்வாளராக இருக்கலாமா என்று கேட்டேன். அவர் விதிப் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டிப் பார்த்தார். "பட்டம் வேணுமெண்டு எங்கையும் இல்லை சேர். கேள்வி ஆரின்ரையோ அவையின்ரை பேரைத்தான் முதல் போடச் சொல்லிக் கிடக்கு. ஏன், கேள்வி உங்கடை இல்லையோ?" என்றார். இல்லை என்று சொன்னேன். அக்காவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் செல்லாது. உள்ளே வைத்த படிவத்தையும் எடுத்துவிட்டேன், வேறு எழுதியிருக்கிறேன். முதன்மை ஆய்வாளருக்கான முதலாம் கட்டத்தில் அருளாயி. இரண்டாம் கட்டத்தில் நான். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டாம் ஆளை முதன்மை ஆய்வாளர்தான் தெரிவுசெய்து, ஏன் தெரிவுசெய்தேன் என்று இரண்டு வரி சொல்ல வேண்டுமாம். அக்காவிடம் கையெழுத்துக் கேட்க வேண்டாம். தம்பியைச் சேர்த்துக்கொள்வாயா என்று மட்டும் கேளுங்கள். சேர்த்துக்கொள்வதாக இருந்தால் அவள் சொல்வதை அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். மாட்டேன் என்றால் வேலாயியைப் போடலாம், வேலாயி கெட்டிக்காரி. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும், அதை நான் எப்படியும் செய்து தருவேன். அதற்குப் பெயர் போடத் தேவையில்லை.