அத்தானின் படகில் ஒரு தத்துவம்

பொன்மொழி என்பது காலைத் தேநீரோடு வாசித்துவிட்டு மறந்துவிட வேண்டிய சாமான். நான் மறக்காததால் வந்தது எல்லா வினையும்.

அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. எங்கள் தீவின் மீன்பிடி ஊரான பேசாலையில் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். (கட்டிலில் படுத்துக்கொண்டு தேடினேன்.) நானூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய அறிஞர்களும் அரசிகளும் சொன்னதாகப் போனில் வருவதையெல்லாம் தமிழாக்கி, வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதுதான் என் முழுநேரத் தொழில். ஒழுங்காகப் பார்ப்பது அக்கா ஒருத்திதான். அவளும் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு எழுதுவாள்.

அந்த வருடம் அத்தான் சொந்தப் படகு வாங்கினார். அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அடுத்தவர் படகில் தொழிலுக்குப் போன மனிதர், புதுப் படகைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். என் எழுத்து வடிவானது என்பதால் முன்பக்கத்தில் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்.

"நல்லதா ஒண்டு எழுதடா" என்றார்.

ஊரில் எல்லாப் படகிலும் இருப்பதுபோல ஒரு புனிதரின் பெயரை எழுதுவேன் என்று நினைத்திருக்கிறார், பாவம்.

மத்தியானம் கரையில் ஒருவரும் இல்லை. கடல் அசையாமல் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெளிச்சம். பெயின்ற் வாசனையில் எனக்குத் தலை இலேசாகி, நான் எங்கேயோ மிதந்துபோனேன். குளிர்நாட்டில், கணப்பு மூட்டிய அறையில் தனியே இருந்து யோசித்த பிரெஞ்சு அறிஞர் ஒருவர் நினைவில் வந்தார். எதையும் சந்தேகித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. நீல எழுத்தில் பெரிதாக எழுதினேன்: எதையும் சந்தேகி. பக்கத்தில் நின்ற கழுதை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது. (என் முதல் வாசகர்.) எழுத்து காய்ந்ததும், மற்றவர்கள் முன்கூட்டிப் பார்த்துவிடாதபடி அக்காவின் சேலையால் மூடிவிட்டேன்.

மறுநாள் காலை எங்கள் பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரித்தார். நான் பெருமையோடு சேலையை உருவினேன்.

சுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் வாசித்தார். அத்தானோடு தொழிலுக்குப் போக இருந்த சூசையண்ணைதான் முதலில் வாய் திறந்தார்.

"என்ஜினையுமோ தம்பி?"

அவரும் அவர் தம்பியும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தன்னையே நம்பாதே என்று சொல்லும் படகில் எவன் ஏறுவான்? சுரண்டி அழிக்கலாம் என்றேன். மந்திரித்த படகில் கத்தியும் வைக்கக்கூடாது, மேலே பெயின்றும் பூசக்கூடாது என்று அத்தானின் தாயார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். கடல் நன்றாக இருந்த நாள்கள் அவை. ஆளில்லாமல் படகு கரையில் கிடந்தால் அத்தான் திரும்பவும் பழைய முதலாளியான சம்மாட்டியின் படகில் போய்க் கூலிக்கு ஏற வேண்டியதுதான். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீதானே எழுதினனீ. விடிய நீ வா" என்றார்.

விடியலில் போனோம். கடவுளே, என்ன அழகு! தண்ணீர் பால்நிறத்தில் இருந்தது. தீவு மெல்ல மெல்லப் பின்னால் கரைந்து போனது. நாங்கள் கடலில் போகிறோமா, முகிலில் போகிறோமா என்றே தெரியவில்லை. அத்தான் முதன்முறையாகத் தன் சொந்தப் படகில் நிமிர்ந்து இருந்தார். இதைப் பற்றி ஒரு வாசகம் எழுத வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாந்தி வந்தது.

பிறகு நிற்கவேயில்லை. வலையை இழு என்றபோது வலைக்குள் விழுந்தேன். என்னை வலையிலிருந்து கழற்ற எடுத்த நேரத்தில் மீன் எல்லாம் போய்விட்டது. அந்த அறிஞருக்குக் கணப்புக்குப் பதிலாகக் கடல் கிடைத்திருந்தால் ஒன்றையும் யோசித்திருக்க மாட்டார்.

திரும்பி வந்தபோது ஊரே கரையில் நின்றது. அத்தான் என்னை ஒரு சாக்குமூட்டையாகத் தோளில் தூக்கி வந்து மணலில் இறக்கினார். சூசையண்ணை என்னைப் பார்த்தார், வெறுமையாகக் கிடந்த மீன்பெட்டியைப் பார்த்தார், பிறகு அத்தானிடம் போனார்.

"நாளைக்கு நாங்கள் வாறம். படகு பிழையில்லை. உங்கடை மச்சானைத்தான் நம்பேலாது."

அத்தானின் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

இன்று அதே எழுத்தோடு அந்தப் படகு நன்றாக ஓடுகிறது. எங்கள் வீட்டிலும் அந்தத் தத்துவத்தைத் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள், என் விடயத்தில் மட்டும். நான் தேநீர் போட்டு, சீனி போட்டாயிற்று என்று சொல்லிக் கொடுத்தாலும், அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் அத்தான் கோப்பையை வாங்குவார்.