கிழிக்கும் நாள்

“கண்ணாடிப் பெட்டி வந்தாச்சு. கதைகள் எங்க சார்?” என்று கேட்டார் நூலகத் தலைவி.

குழந்தைகள் பிரிவு நூலகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோடைக்காலக் கதை முகாமின் இருபதாண்டு விழாவுக்காக அதன் வரலாற்றை எழுதச் சொன்னபோது, ‘முதலாண்டுக் குழந்தைகள் ஒன்பது பேரின் முதல் கதைகளும் பத்திரமாக உள்ளன’ என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார். வரலாறு என்றால் கொஞ்சம் நிறைவாக இருக்க வேண்டாமா?

“வீட்டுல இருக்கும்மா. நாளைக்கே கொண்டு வரேன்.”

உண்மையில் ஒரு துண்டுகூட இல்லை. பனி பெய்யும் ஏதோ தேசத்தில் ஓர் எழுத்தாளர், முதல் கதையைக் கிழித்த பிறகுதான் எழுத்தாளர் ஆனார் என்று எங்கோ படித்துவிட்டு, அதையே முகாமின் சட்டமாக்கியவர் அவர். முதல் நாள் இரவு வீட்டில் எழுத வேண்டும்; மறுநாள் காலை முகாமில் கிழிக்க வேண்டும். வழிகாட்ட வேண்டுமே என்று தானும் ஒரு கதை எழுதி வந்து, எல்லோருக்கும் முன்னால் கிழித்தார். கடைசி வரிசையில் ஒரு சிறுமி தேம்பித் தேம்பி அழுதாள்.

அடுத்த வருடமே சட்டத்தை எடுத்துவிட்டார். அந்த அழுகையை எடுக்க முடியவில்லை. அதன்பின் அவரும் சுற்றறிக்கை தவிர எதுவும் எழுதவில்லை.

அன்று மதியமே அரை நாள் விடுப்புப் போட்டு, இடது கையால் ஒன்பது கதைகள் எழுத உட்கார்ந்தார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“எட்டு வயசுக் குழந்தை ‘மேற்படி முயலானது’ன்னு எழுதுமா?”

“இருபது வருஷப் பழக்கம்டி. கை தானாப் போகுது.”

மனைவி சொல்லச் சொல்லப் பிழைகளைச் சேர்த்தார். தாள் புதுசாகத் தெரிந்தது, டீயில் நனைத்தார். காயவில்லை, இஸ்திரி போட்டார். முயலின் வயிற்றில் இஸ்திரிப் பெட்டி கருகலாகப் பதிந்தது.

“தீ விபத்துல தப்பிச்சதுன்னு சொல்லிடுங்க,” என்றாள் மனைவி.

மறுநாள் அப்படியே சொன்னார். தலைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “தீயிலேர்ந்து காப்பாத்தினீங்களா! இதை எழுதினவங்களே வந்து பாக்கணும் சார்!”

அன்றைக்கே ஒன்பது பேருக்கும் அழைப்பு போனது.

விழா நாளில் ஒன்பது பேரும் வளர்ந்து, ஒருவன் வழுக்கைகூட விழுந்து, பெட்டியைச் சுற்றி நின்றார்கள்.

“இந்த முயல் யாருது?”

“என்னுது இல்லப்பா.”

“உன் மூஞ்சி மாதிரிதான் இருக்கு.”

அன்று அழுத சிறுமி இப்போது செவிலியர். பணி உடையிலேயே வந்து, குனிந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நூலகருக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

“அம்மா, இதெல்லாம் பொய். நானே எழுதினது. உங்க கதையெல்லாம் அன்னைக்கே போச்சு, கிழிக்க வச்சவனும் நான்தான். நீ அழுதது இன்னும் காதுல கேக்குது. என்னை மன்னிச்சிடும்மா.”

ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வழுக்கைக்காரன் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நாடி பார்ப்பவள் போல அவர் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க கதையெல்லாம் வீட்டுல பத்திரமா இருக்கு சார், கிழிக்கறதுக்குன்னு ஆளுக்கொரு போலிக் கதை எழுதிட்டு வந்திருந்தோம், நான் அழுதது, நீங்க உங்க நிஜக் கதையையே கிழிச்சீங்களேன்னுதான்.”